பழைய டெலிவிஷன்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த சிவகிரி, பெரும்பாலும் விவசாயத்தை நம்பி வாழும் ஊராகும். ஐப்பசி மாதத்து இடியும் மின்னலும் ஓய்ந்த மறுநாட் காலையில், இவ்வூரைப் போன்ற ஊர்களில் பல வீடுகளிலே ஒரே கேள்வி எழக் காணலாம். முந்தின நாள் மாலை வரையில் பாட்டும் செய்தியும் கூறிக்கொண்டிருந்த டெலிவிஷன் பெட்டி இன்று வாய் திறவாமல் கிடக்கிறது. அதனைப் பழுதுபார்ப்பதா, ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்குவதா? இஃது அற்பமான வீட்டு விஷயம், தலையங்கத்தில் ஆராயத் தக்கதன்று என்று நமது நேயர்களிற் சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு குடும்பம் தன் சொந்தப் பொருளைப் பற்றிச் செய்யும் தீர்மானம் அக்குடும்பத்தின் கையிலேயே இருக்கிறதா, அன்றி அப்பொருளை விற்றவன் கைக்குச் சென்றுவிட்டதா என்னும் பெரிய கேள்வி இச்சிறிய கேள்வியினுள் அடங்கிக் கிடக்கிறது. ஆதலின் இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

நமது தேசத்தில் டெலிவிஷன் முதன்முதலாக டில்லியில் 1959-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கியது. சென்னைக்கு அது வந்தது 1975-ஆம் வருஷத்தில். வர்ண ஒளிபரப்பு 1982-இல் ஏற்பட்டது. அந்நாட்களில் ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலே அதிகம். சென்னையிலேயே செய்யப்பட்ட டயனோரா, சாலிடேர் முதலிய பெட்டிகளை வாங்கியவர்கள் அவற்றை நிலத்தையும் மாட்டையும் போலவே குடும்பச் சொத்தாகப் பாவித்தார்கள். பழுதானால் தெருமுனை மெக்கானிக் வந்து பின்பலகையைக் கழற்றினார். சுற்றுப்படங்கள் புஸ்தகங்களாகவே கடையில் விற்றன. கெட்ட பாகத்தை எடுத்து நல்ல பாகத்தைப் பற்றவைத்தவுடன் பெட்டி மறுபடியும் பேசியது. ஒரு பெட்டி பதினைந்து வருஷம் உழைத்தது என்றால் யாரும் வியப்படைந்ததில்லை.

பின்னர் டெலிவிஷன் தனவந்தர் வீட்டுப் பொருள் என்னும் நிலை மாறியது. 2006-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாட்டுச் சர்க்கார் இலவச வர்ண டெலிவிஷன் திட்டத்தைத் தொடங்கிற்று. 2011-ஆம் வருஷத்தில் அத்திட்டம் முடிவடைவதற்குள் 14 அங்குலத் திரை கொண்ட ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் ஏழை எளியோர் வீடுகளை அடைந்தன. அத்திட்டம் தக்கதா தகாததா என்பதைப் பற்றி அக்காலத்தில் நிகழ்ந்த கக்ஷிப் பிரதிவாதத்தை இங்கே புதுப்பிக்க நாம் விரும்பவில்லை. நாம் கேட்க விரும்புவது வேறு. இத்தனை கோடிப் பெட்டிகளை ஒரே காலத்தில் ஜனங்களுக்கு வழங்கியபோது, அவை பழுதாகும் நாள் ஒன்று வரும் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்? பெட்டி எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதே மேடைதோறும் பேசப்பட்டது; பெட்டி எத்தனை வருஷம் உழைக்கும், உழைக்காமற்போனால் யாரிடம் செல்வது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. கொடுப்பதில் இருந்த கவனம் காப்பதில் இல்லை. இந்தக் குறை ஒரு கக்ஷிக்கோ ஒரு சர்க்காருக்கோ மாத்திரம் உரியதன்று. நம் எல்லோருடைய மனோபாவத்திலும் புகுந்துவிட்டதொன்றாகும்.

இனி, பழுதான பெட்டியை முன்வைத்துக்கொண்டு ஆலோசிக்கும் குடும்பத்தார் முதலாவதாக அறிய வேண்டியது, பழுது எப்பகுதியில் என்பதே. இன்றைய தட்டைத்திரைப் பெட்டியில் முக்கியமான பகுதிகள் நான்கு: மின்சாரத்தைப் பெற்று வழங்கும் பவர் போர்டு, மூளையைப் போன்ற மெயின் போர்டு, திரைக்குப் பின்னின்று ஒளி தரும் பேக்லைட், படம் தோன்றும் பேனல். பெட்டி முற்றிலும் உயிரற்றுக் கிடந்தால் பெரும்பாலும் பவர் போர்டில் பழுது. மின்னலாலும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வாலும் முதலில் அடிபடுவது அதுவேயாம். ஒலி கேட்டும் படம் தோன்றாவிடின், இருட்டறையில் திரைமேல் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்க்கலாம். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் கெட்டது பேக்லைட்டே தவிர பேனல் அன்று. ஒரே வரிசையிற் கோக்கப்பட்ட சிறு விளக்குகளில் ஒன்று அணைந்தால் அவ்வரிசை முழுவதும் அணைந்துவிடுவதே இதன் காரணம். இவையெல்லாம் சொற்பச் செலவில் தீரக்கூடியவை. ஆனால் திரையிலே விரிசல் கண்டாலும், பேனலின் கோளாறால் நெடுங்கோடுகள் விழுந்தாலும் விஷயம் வேறு. பெட்டியின் விலையிற் பாதிக்கு மேல் பேனலின் விலையேயாகும். எனவே, என்ன பழுது என்று அறியாமல் தீர்மானம் செய்வது நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து வாங்குவதை ஒக்கும்.

பழுது இன்னதென்று தெரிந்த பிறகு, செலவு தகுமா என்பதை எவ்வாறு நிர்ணயிப்பது? இதற்கு அந்நிய தேசத்து நிபுணர்களிடம் அளவுகோல் கேட்க வேண்டுவதில்லை. 1929-ஆம் வருஷத்தில் காந்தியடிகளின் தூண்டுதலால் அகில இந்திய சர்க்கா சங்கம், குடிசையில் இருந்து இயக்கத்தக்க சிறந்த இராட்டினத்தைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லக்ஷம் ரூபாய் பரிசு தருவதாக அறிவித்தது. அப்பரிசுக்கு விதித்த நிபந்தனைகளை நமது நேயர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். யந்திரத்தின் விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது. அது இந்தியாவிலேயே செய்யத்தக்கதாயிருக்க வேண்டும். அவ்வப்போது செப்பனிட்டுவந்தால் குறைந்தது 20 வருஷம் உழைக்க வேண்டும். தேய்ந்த பாகங்களை மாற்றும் செலவு வருஷத்திற்கு யந்திரத்தின் விலையில் நூற்றுக்கு 5 வீதத்திற்கு மேற்படலாகாது. அதாவது, 150 ரூபாய் இராட்டினத்திற்கு வருஷத்தில் ஏழரை ரூபாய்க்குமேல் பழுதுச் செலவு கூடாது என்பதாம். யந்திரங்களையே வெறுத்தவர் என்று காந்தியடிகளைக் கூறுவோர், யந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் இத்துணை நுட்பமாகக் கணக்கிட்டதை மறந்துவிடுகின்றனர். பொருள் சுதேசத்தில் செய்யப்பட்டால் மாத்திரம் போதாது. அது ஏழையின் வீட்டில் நெடுநாள் உழைக்க வேண்டும், பழுதானால் ஏழையின் கைப்பொருளுக்குள் அடங்க வேண்டும் என்பதே அந்நிபந்தனைகளின் உட்கருத்து.

இவ்வளவுகோலை இன்றைய பெட்டிக்கு வைத்துப் பார்ப்போம். உதாரணமாக, புதிய பெட்டியொன்றின் விலை 15,000 ரூபாய் என்று கொள்வோம். இதில் நூற்றுக்கு 5 வீதம் 750 ரூபாய். பவர் போர்டையோ பேக்லைட்டையோ செப்பனிட 2,000 ரூபாய் ஆகி, பெட்டி மேலும் மூன்று வருஷம் உழைக்குமானால், வருஷச் செலவு சுமார் 667 ரூபாய். இஃது அளவுக்குள் அடங்குகிறது, ஆகவே பழுதுபார்ப்பதே நலம். அப்பெட்டியையே எறிந்துவிட்டு, எட்டு வருஷம் உழைக்கும் என்ற நம்பிக்கையில் புதியது வாங்கினாலோ வருஷத்திற்கு 1,875 ரூபாய் ஆகிறது. ஆனால் பேனல் மாற்ற 9,000 ரூபாய் என்று கூறினால், அப்பழுது அளவுக்குள் அடங்க வேண்டுமாயின் பெட்டி இன்னும் 12 வருஷம் உழைத்தாக வேண்டும். பழைய பெட்டியில் அதை எதிர்பார்க்க இயலாது, ஆகவே மாற்றுவதே நலம். விலையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறலாம், கணக்கு மாறாது. பெண்களும் பிள்ளைகளும் கூட ஒரு துண்டுக் காகிதத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

புதிய பெட்டி மின்சாரத்தை மிச்சப்படுத்தும், ஆகையால் அதனையே வாங்குவது சிக்கனம் என்று விற்பனையாளர் கூறுவதுண்டு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் உண்மையின் அளவைப் பார்க்க வேண்டும். பழைய டியூப் பெட்டி 80 வாட்டும் புதிய சிறு பெட்டி 30 வாட்டும் கொள்வதாகவும், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் ஓடுவதாகவும் வைத்துக்கொண்டால், வருஷத்தில் மிச்சப்படுவது சுமார் 91 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்றாலும் 456 ரூபாய். அதற்காக 15,000 ரூபாய் முதல் போடுபவன், அம்முதல் திரும்புவதற்கு முப்பது வருஷத்திற்கு மேல் காத்திருக்க வேண்டும். மேலும், இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் வரையில் வீடுகளுக்குக் கட்டணமின்றி மின்சாரம் வழங்க 2016-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் உத்தரவாயிற்று. அவ்வளவுக்குள்ளேயே செலவை அடக்கிக்கொள்ளும் குடும்பத்திற்கு அந்த 456 ரூபாய் மிச்சமும் கிடையாது.

பெட்டி பழைய மாதிரியாயிற்று என்னும் வாதமும் இத்தகையதே. மாதிரி பழையதாவது வேறு, பழுதாவது வேறு. கேபிள் ஒளிபரப்பு டிஜிட்டல் முறைக்கு மாறியபோது பழைய டியூப் பெட்டிகளெல்லாம் வீணாகிவிடும் என்று பலர் அஞ்சினர். நடந்தது என்ன? அரசு கேபிள் நிறுவனமும் 2017-ஆம் வருஷத்தில் செட்டாப் பெட்டிகளை வழங்கத் தொடங்கிற்று. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆகிய மூன்று முனைகளைச் செருகியவுடன் பழைய பெட்டி புதிய ஒளிபரப்பைக் காட்டிற்று. அதுபோலவே, தட்டைத்திரைப் பெட்டியில் இணையதள வசதி இல்லையென்றால் அதற்கென விற்கும் சிறு கருவியொன்றைச் செருகினால் போதும். மூக்குக் கண்ணாடி வாங்கித் தீரக்கூடிய குறைக்காகக் கண்ணையே மாற்றுவார் உண்டோ?

ஆயினும், எப்பாடுபட்டும் பழையதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நாம் கூறவில்லை. பேனல் உடைந்த பெட்டி, ஒரே வருஷத்தில் மூன்று முறை பழுதான பெட்டி, உள்ளே கருகிய நாற்றமோ பொறியோ காணும் பெட்டி இவற்றை விட்டொழிப்பதே விவேகம். டியூப் பெட்டியைப் பொறுத்தமட்டில் வேறோர் எச்சரிக்கையும் அவசியம். நிறுத்திய பின்னரும் அதன் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். பழக்கமில்லாதவர் பின்பலகையைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்தாம். புதிய பிக்சர் டியூப் செய்யும் ஆலைகள் மூடப்பட்டுப் பல வருஷங்களாயின. ஆகவே டியூப் கெட்டால் அப்பெட்டியின் ஆயுள் முடிந்தது. மற்றப் பாகம் கெட்டால், இறந்த பெட்டியொன்றின் பாகத்தைக் கொண்டு இதனை உயிர்ப்பிக்க வல்ல மெக்கானிக் இருக்கும் வரையில் ஆயுள் உண்டு.

இவ்வளவு தெளிவான கணக்கு இருக்கையில், ஜனங்கள் ஏன் இதன்படி நடப்பதில்லை? பழமொழியை மறந்ததாலா? இல்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பதை நம் தாய்மார் இன்றும் மறந்தாரில்லை. பாத்திரத்திற்கு ஈயம் பூசியும், அம்மியைக் கொத்தியும், தேய்ந்த கொழுவைக் கொல்லனிடம் அடித்தும் வாழ்ந்த ஜனங்கள், டெலிவிஷன் விஷயத்தில் மாத்திரம் திடீரென்று ஊதாரிகள் ஆகிவிடவில்லை. அவர்களுக்குக் கணக்குப் போடத் தெரியும். கணக்கிற்கு வேண்டிய இலக்கங்கள்தாம் அவர்களிடமிருந்து மறைக்கப்படுகின்றன. பெட்டியை வாங்கும்போது அதன் பேனல் என்ன விலை, பவர் போர்டு என்ன விலை, எத்தனை வருஷத்திற்கு அவை கிடைக்கும் என்பவற்றைக் கடையில் எவரும் எழுதித் தருவதில்லை. பழுதான பின்னர்க் கம்பெனிக்குச் சொல்லியனுப்பினால், அதன் ஆள் வேறு ஊரிலிருந்து வர வேண்டியிருக்கிறது. வந்து பார்ப்பதற்கே ஒரு கட்டணம். பார்த்தபின் அந்த மாதிரிக்குப் பாகம் வருவதில்லை என்ற பதில். உடனே பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கினால் சலுகை என்ற ஆசை வார்த்தை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றானபிறகு ஏழை என்ன செய்வான்? உள்ளூர் மெக்கானிக்கிடம் சென்றாலோ, அவருக்குச் சுற்றுப்படம் கிடைப்பதில்லை, அசல் பாகம் விற்கப்படுவதில்லை, பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள் திறப்பதில்லை. இந்நிலையில் பழுதுபார்ப்பதா மாற்றுவதா என்ற தீர்மானத்தைக் குடும்பம் செய்வதாகக் கூறுவது பெயரளவுக்கேயாம். தீர்மானம் முன்னரே, வேறோரிடத்தில், வேறொருவரால் செய்யப்பட்டுவிட்டது. விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பழுதுபார்க்கும் வழியின்றி வைத்திருப்பவன் அப்பொருளுக்குச் சொந்தக்காரன் அல்லன், குத்தகைக்காரனே ஆவான்.

இம்முறைகேட்டை உலகில் வேறு தேசத்தார் சகித்துக்கொண்டிருக்கவில்லை. ஐரோப்பிய யூனியனில் 2021-ஆம் வருஷம் மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்த விதியின்படி, டெலிவிஷன் செய்வோர் ஒரு மாதிரியின் கடைசிப் பெட்டியைச் சந்தைக்கு அனுப்பிய பிறகும் குறைந்தது 7 வருஷங்களுக்கு, மின்சாரப் பகுதி, இணைப்பு முனைகள், பெரிய கெப்பாசிட்டர்கள் முதலிய பாகங்களைத் தொழில்முறை மெக்கானிக்குகளுக்கு விற்றாக வேண்டும். கேட்ட 15 வேலை நாட்களுக்குள் அனுப்பியாக வேண்டும். பிரான்ஸ் தேசத்தில் 2021 ஜனவரி முதல், டெலிவிஷன் உள்ளிட்ட ஐந்து வகைப் பொருள்களுக்கு, அவை எவ்வளவு எளிதிற் பழுதுபார்க்கத் தக்கவை என்பதைப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இட்டுக் கடையிலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் விதிக்கப்பட்டது. ஆஸ்திரியா சர்க்கார் 2022 ஏப்ரலில், மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் செலவிற் பாதியை, 200 யூரோ வரையில், தாமே ஏற்கும் திட்டமொன்றைத் தொடங்கினர்.

நமது தேசத்திலும் இதற்கு அடிப்படை இல்லாமற் போகவில்லை. தனிப்பட்ட மெக்கானிக்குகளுக்கு உதிரிப்பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் கொடாமல் மறுத்ததற்காக, 2014-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 14 மோட்டார் கார்க் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவ்வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது என்பது உண்மையே. எனினும் பாகத்தை மறைத்துவைப்பது வியாபார தருமத்திற்கு விரோதமானது என்ற கொள்கை நமது மண்ணிலேயே நிலைநாட்டப்பட்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகார இலாகா, பழுதுபார்க்கும் உரிமையை வகுக்க ஒரு குழுவை நியமித்தது; அவ்வருஷம் டிசம்பர் 24-ஆம் தேதி அதற்கென ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. பழுதுபார்ப்பு மதிப்பெண்ணைப் பற்றி ஆராய்ந்த மற்றொரு குழு 2025 மே மாதத்தில் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. மகிழத்தக்க செய்தியே. ஆனால் அக்குழு முதற்கட்டமாக எடுத்துக்கொண்டவை கைப்பேசியும் டேப்லெட்டும். ஒன்றரைக் கோடி ஏழை வீடுகளுக்குச் சர்க்காரே கொண்டுசேர்த்த டெலிவிஷனுக்கு முதற் பந்தியில் இடமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட புதிய டெலிவிஷன்களின் மேல் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 28-லிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டது. பெரிய பெட்டி வாங்குவோருக்குச் சலுகை கிடைத்தது. பழைய பெட்டியைக் காத்துவைத்திருப்பவனுக்கு என்ன கிடைத்தது?

இங்கே ஓர் ஆக்ஷேபத்துக்கு விடை கூறுதல் முறையாகும். புதிய பெட்டிகள் நம் நாட்டிலேயே கோக்கப்படுகின்றனவே, 2020 ஜூலையில் வர்ண டெலிவிஷன் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதே, ஆகவே புதியது வாங்குவதும் நமது தொழிலாளருக்கு வேலை தருவதன்றோ என்று கேட்பர். வேலை தருவது உண்மைதான். அதை நாம் மதிக்கிறோம். ஆனால் பெட்டி இங்கே கோக்கப்பட்டாலும், அதன் விலையிற் பெரும்பங்கு கொள்ளும் பேனல் பெரும்பாலும் சீனா முதலிய அந்நிய தேசங்களிலிருந்தே வருகிறது. புதிய பெட்டிக்குக் கொடுக்கும் ரூபாயில் பெரும் பகுதி கடல் கடக்கிறது. பழுதுபார்க்கக் கொடுக்கும் ரூபாயிலோ கூலிப் பகுதி சிவகிரியிலேயே, மெக்கானிக்கின் வீட்டிலே, அவருடைய பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவிலே தங்குகிறது. 1906-ஆம் வருஷத்தில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய வ.உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் சீமை இது. நம்முடைய ரூபாய் எங்கே செல்கிறது என்று கேட்க இந்தச் சீமைக்குப் பிறர் கற்றுத்தர வேண்டுவதில்லை. மேலும், பழுதுபார்க்கத்தக்க பெட்டியைச் செய்வதும் தொழிற்சாலை வேலையே அன்றோ? உதிரிப்பாகம் செய்வதும் தொழிலே அன்றோ?

மெக்கானிக்குகளிடத்திலும் குறை உண்டு என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. நல்ல பாகத்தைக் கழற்றிக்கொள்வதும், பத்து ரூபாய்ப் பாகத்தை மாற்றிவிட்டு ஆயிரம் ரூபாய் கேட்பதும் சில இடங்களில் நடக்கின்றன. இதற்கு மருந்து அவர்களை ஒழிப்பதன்று, ஒழுங்குபடுத்துவது. என்ன பழுது, என்ன பாகம் மாற்றப்பட்டது, எத்தனை நாளைக்கு உத்தரவாதம் என்பதை எழுதி வாங்க வேண்டும்; கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்க வேண்டும். அதே சமயத்தில் கூலியில் பேரம் பேசி அவர்கள் வயிற்றில் அடிப்பதையும் நாம் விட வேண்டும். கையால் உழைப்பவனுக்கு நூறு ரூபாய் கொடுக்கத் தயங்கும் நாமே, கம்பெனியாருக்குப் பதினாயிரம் கொடுக்கத் தயங்குவதில்லை. இத்தொழிலைக் கற்றுக்கொள்ள இளைஞர் முன்வருவது அருகிவிட்டால், நாளைக்கு நமக்கு உரிமை கிடைத்தும் அதனைச் செலுத்த ஆள் இராது.

எறிந்த பெட்டி எங்கே செல்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஐக்கிய நாடுகளின் கணக்குப்படி 2022-ஆம் வருஷத்தில் உலகில் சேர்ந்த மின்சாதனக் கழிவு 6 கோடியே 20 லக்ஷம் டன். அதில் முறைப்படி சேகரித்து மறுபயனுக்குக் கொண்டுவரப்பட்டது நூற்றுக்கு 22 பங்கு மாத்திரமே. டியூப் பெட்டியின் கண்ணாடியிலே ஈயம் கலந்திருக்கிறது. பழைய தட்டைத்திரைகள் பலவற்றின் விளக்குகளிலே பாதரசம் உண்டு. பழைய இரும்புக் கடைக்குச் செல்லும் பெட்டியை உடைத்துச் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு, கண்ணாடியை ஊர்ப்புறத்திலே கொட்டிவிடும் வழக்கம் நம் நாட்டில் பரவியிருக்கிறது. மலையடிவாரத்து ஊர்களுக்குக் குளமே உயிர். அக்குளத்துக் கரையிலே ஈயக் கண்ணாடியைக் குவிப்பது, வீட்டிலே மிச்சம் பிடித்து வயலிலே விஷம் வைப்பதை ஒக்கும். 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள், கழிவை மறுபயனாக்கும் பொறுப்பைப் பெட்டி செய்தோர் மேலேயே சுமத்தியிருக்கின்றன. விதி இருக்கிறது, அது சிவகிரி வரையில் நடந்து வந்திருக்கிறதா என்பதே கேள்வி.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுவே. மத்திய சர்க்கார் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணை டெலிவிஷனுக்கும் தாமதமின்றி விதிக்க வேண்டும். அட்டைப் பெட்டியின் மேல் விலை அச்சிடப்படுவது போலவே, முக்கிய பாகங்களின் விலையும் அவை கிடைக்கும் காலமும் அச்சிடப்பட வேண்டும். குறைந்தது ஏழு வருஷம் பாகமும் சுற்றுப்படமும், கம்பெனியாரின் ஆட்களுக்கு மாத்திரமன்றி எந்த மெக்கானிக் கேட்டாலும் நியாய விலைக்குக் கிடைக்க வேண்டும். மாகாணச் சர்க்கார் தம்முடைய தொழிற்பயிற்சி நிலையங்களில் இத்தொழிலை நன்கு போதிக்க வேண்டும்; பேரூர்தோறும் இறந்த பெட்டிகளைப் பெற்று, உரியவரிடம் சேர்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். இனி எந்தக் கக்ஷியின் சர்க்கார் எந்த யந்திரத்தை இலவசமாக வழங்கினாலும், கொள்முதல் ஒப்பந்தத்திலேயே உதிரிப்பாகத்திற்கும் பழுதுபார்ப்பிற்கும் இத்தனை வருஷம் பொறுப்பு என்று எழுதி வாங்கிய பின்னரே வழங்க வேண்டும். பழுதுபார்க்க இயலாத தானம் பாதித் தானமேயாகும்.

சட்டம் வரும் வரையில் ஜனங்கள் கைகட்டியிருக்க வேண்டுவதில்லை. பொதுக் காரியத்தில் ஈடுபட்டுள்ள அன்பர்கள் தத்தம் ஊர்களில் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். புதிய பெட்டி வாங்கச் செல்வோர், பேனலின் விலை என்ன, எத்தனை வருஷம் பாகம் கிடைக்கும் என்று கடையிலே கேட்கட்டும். பதில் கூறாதவரின் பெட்டியை வாங்காமல் திரும்பட்டும். ஒருவர் கேட்டால் அலக்ஷியம் செய்வர். ஊரே கேட்டால் பதில் வரும். பாகம் இல்லையென்று ஏய்ப்போரைப் பற்றி 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடட்டும். பழுதான பெட்டியை முதலில் மெக்கானிக்கிடம் காட்டி, பழுது இன்னதென்றறிந்து, வருஷத்திற்கு நூற்றுக்கு ஐந்து என்னும் கணக்கைப் போட்டுப் பார்த்துப் பிறகு தீர்மானம் செய்யட்டும். அத்தீர்மானம் பழுதுபார்ப்பதாயினும் ஆகுக, மாற்றுவதாயினும் ஆகுக. அது அவர்களுடைய சொந்தத் தீர்மானமாய் இருத்தல் வேண்டும் என்பதே நமது கோரிக்கை.